காப்புக் கட்டிய கை

மாசி 9, ஞாயிறு

சமுதாயக் கூடத்தில் இன்று இருந்தவர்கள்: டவுன் தீயணைப்பு நிலையத்து அலுவலர் ஜெபமணி சார், அவருடன் வந்த வீரர்கள் இரண்டு பேர், ஊராட்சித் தலைவர் (டீ வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்), அம்மன் கோவில் பூசாரி வெயிலுமுத்து, ஆட்டோ ஓட்டும் காளிராஜ், அவனுடைய கூட்டாளிகள் ஆறு பேர், பக்கத்து வீட்டு மாரிக்கனி (வாசலோடு நின்றுகொண்டாள், வந்த கணக்கில் சேராது), நான்.

தெருக்குழாயில் தண்ணீர் வராததைத் தலைவரிடம் சொல்லத்தான் போனேன். நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். தலைவர் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கொம்புக்காரன்பட்டிக்கு டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதுவரை வேடிக்கை பார்க்காமல் வேலை பார்க்க ஊருக்குள்ளேயே தன்னார்வலர்கள் வேண்டும் என்றார் ஜெபமணி சார். காளிராஜ் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது.

"சந்தோஷம். இதுல பகல்ல ஊர்ல இருக்கிறது யாரு?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவனுக்கு நூல் மில், ஒருவனுக்குக் காற்றாலை வாட்ச்மேன் வேலை, மற்றவர்களுக்கு டவுனில் கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து போகிற காளிராஜின் கை மட்டும் பாதியில் நின்றது.

"அப்ப பகல்ல தீப்பிடிச்சா?"

"பொம்பளையாளுகதான் சார் இருப்பாக," என்றான் காளிராஜ். "அவுக பத்த வைக்கிற ஆளுக. அணைக்கிற ஆளுகளா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு எழுந்து, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். செண்பகவல்லி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் மளிகைக் கடைக்காரர் மடித்துக் கொடுத்த பேப்பர் என்று சொன்னேன். சார் 'எழுதப் படிக்கத் தெரியும்' என்று எழுதினார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினேன். குருசாமி. பூசாரி குனிந்து சார் காதில் ஏதோ சொன்னார். சார் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

கணக்கு: நல்லெண்ணெய் கால் லிட்டர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்குக்குக் காணும்.

மாசி 10, திங்கள்

காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது இவர் ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். சோறு, புளிக்குழம்பு, சுண்டைக்காய் வற்றல். இறக்கி வைத்து அடுப்பை அணைத்த பிறகு வந்தார்.

பெயர் கொடுத்ததைச் சொன்னேன். "சரி" என்றார். வெகுநேரம் கழித்து, துண்டை உதறிக்கொண்டே, "எதுக்கு?" என்றார். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிச் சொன்னேன்.

மாசி 13, வியாழன்

சிலிண்டர் மாற்றினேன். முன்னெல்லாம் வருவதைவிடக் கூட நாள் வந்திருக்கிறது. ஒருவேளைதானே அடுப்பு எரிகிறது. ராத்திரிக்கு ஆறிய சோற்றையே சாப்பிட்டுக்கொள்கிறோம். வயிற்றுக்கு நல்லது என்று பேப்பரில் போட்டிருந்தது.

மாசி 16, ஞாயிறு

பயிற்சி வகுப்பு. பள்ளிக்கூடத் திடலில் பழைய டயரைக் கொளுத்திப் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். புகைக்குள் நிமிர்ந்து நடக்கக் கூடாது, தவழ்ந்துதான் போக வேண்டும், நல்ல காற்று தரையோடு இருக்கும். ஈரச் சாக்கால் அடித்தால் பொறி பறக்கும், அதனால் போர்த்தி அமுக்க வேண்டும்.

நான் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தவழ்ந்தேன்.

"மதினி, பார்த்து. சாமி வந்துறாம," என்றான் காளிராஜ்.

"வந்தா உன் வாயிலதாம்ல முதல்ல திருநீறு போடும்," என்றேன். அவன் கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

"நைலக்ஸ் சேலை கட்டிட்டு வராதீங்கம்மா. தீப்பட்டா உருகித் தோலோட..." என்று ஆரம்பித்த ஜெபமணி சார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தெரியும் சார். நூல் சேலைதான்," என்றேன்.

கடைசியாக வைக்கோல் படப்பைப் பற்றிச் சொன்னார். அது வெளியே அணைந்துவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்க் கால் கழுவுகிற நேரத்தில் மறுபடி பிடிக்கும். அதனால் பிரித்துப் பிரித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் கிளம்ப வேண்டும். இதை மட்டும் இரண்டு தடவை எழுதி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாரிக்கனி கேட்டாள்: "யக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகளே? ஆட்டைத்தான் ஐப்பசியிலேயே வித்தாச்சே. அண்ணன் தெனமும் விடியக்காலம் எந்த ஆட்டைப் பாக்கப் போறாரு?"

"கொட்டகை இருக்குல்ல," என்றேன்.

மாசி 21, வெள்ளி

கோவிலுக்கு விளக்குப் போட்டேன். எண்ணெய் சரியாக வந்தது.

மாசி 23, ஞாயிறு

அட்டை கொடுத்தார்கள். என் போட்டோ கொஞ்சம் கறுப்பாக விழுந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு காவி நிறக் கைவைக்காத மேல்சட்டையும் கொடுத்தார்கள். குறுக்கே ஒரு வெள்ளிப் பட்டை, வெளிச்சம் பட்டால் மின்னுகிறது.

ஜெபமணி சார் கரும்பலகையில் எங்கள் குழு பார்க்க வேண்டிய இடங்களை வரைந்தார். ஊர், கீழத்தோட்டம், ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள செங்கல் சூளை. சூளையில் வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருக்கிறார்கள்.

பூசாரி எழுந்தார். "சூளை நம்ம எல்லையில இல்லையே சார். எல்லைக்கல் ஓடைக்கு இங்கிட்டுல்ல இருக்கு."

"பத்து நிமிஷத்துல ஓடிப் போயிரலாமா?"

"போயிரலாம்."

"அப்ப உங்க எல்லைதான்," என்று சூளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மேல்சட்டையைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அதன் மேல் இவருடைய துண்டு கிடந்தது. காயப்போட இடம் இல்லை போல. நான் எடுக்கவில்லை.

பங்குனி 2, செவ்வாய்

இன்று அம்மனுக்குக் காப்புக் கட்டு. தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு போனேன். பூசாரி மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டை முடிந்து வலது மணிக்கட்டில் கட்டினார். அடுத்த வாரம் புதன்கிழமை தீச்சட்டி எடுத்து முடித்த பிறகுதான் இதை அவிழ்க்க வேண்டும். அதுவரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. சாவு வீடு, பிள்ளை பெற்ற வீடு ஆகாது. ஒருபொழுதுதான் சாப்பாடு. விளக்கு வைக்கும் நேரத்தில் கோவிலில் இருக்க வேண்டும்.

"இது எத்தனாவது வருசம் தாயி?" என்று கேட்டார் பூசாரி.

"மூணாவது. இதோட நேர்ச்சை முடியுது."

பஞ்சாலையில் தீப்பிடித்து இவரை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது நேர்ந்துகொண்டது. ஆளை வீடு சேர்த்துக் கொடு தாயே, விடாமல் மூன்று வருசம் உனக்குச் சட்டி எடுக்கிறேன் என்று. இடையில் விட்டால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதுதான் முறை. இவர் வீடு வந்து சேர்ந்தார். வலது கையும் கழுத்தும் மட்டும்தான் முன்னைப்போல இல்லை. அம்மன் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். என் பக்கத்தில் பாக்கி வைக்கக் கூடாது.

சட்டியில் முதல் நெருப்பை வீட்டுக்காரர் கையால் எடுத்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். போன இரண்டு வருசமும் மாரிக்கனி வீட்டுக்காரர்தான் வைத்தார். இவருக்கு அந்த இரண்டு நாளும் டவுனில் வேலை இருந்தது.

பங்குனி 5, வெள்ளி

இன்று எழுத முடியவில்லை. கை.

பங்குனி 6, சனி

பேனாவைப் பிடிக்க முடிகிறது. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

உச்சிப்பொழுது. குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் புகை வந்தது. சூளைப் புகை அப்படி வராது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஜெபமணி சாருக்குப் போன் போட்டேன். கிளம்பிவிட்டோம் என்றார். கோவிலுக்கு ஓடினேன். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டை நிறுத்திட்டு மைக்ல சொல்லுங்க பூசாரி. சூளையில தீ. சாக்கும் குடமுமா எல்லாரையும் வரச் சொல்லுங்க."

பூசாரி பாட்டை உடனே நிறுத்தினார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நீ போயிராத தாயி. காப்புக் கட்டிருக்க," என்றார். அதுவும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

காளிராஜ் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கைகழுவாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டான். நான் எல்லைக்கல் வரை ஓடினேன். அங்கே நின்றேன். நிற்காமல் ஓடினேன் என்று எழுதினால் பொய். கல்லுக்கு யாரோ அன்று காலையில்தான் மஞ்சள் பூசியிருந்தார்கள். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் தாயே என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன்.

இரண்டு குடிசை பிடித்து எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் மண்ணையும் தண்ணீரையும் நெருப்பின் தலையில் எறிந்துகொண்டிருந்தார்கள். காளிராஜ் அவர்களை மூன்றாவது குடிசைப் பக்கம் திருப்பினான். அந்தக் கூரையை நனைத்தால்தான் வரிசை தப்பும். அதற்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை அழும் சத்தம். வாசல் முழுக்கப் புகை. வெளியே நின்ற ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள்: "பேச்சி உள்ள இருக்கா! பிள்ள பெத்து ஒம்பது நாளுதான் ஆகுது, எந்திரிக்க மாட்டா!"

அங்கே கிடந்த ஒரு சாக்கை மண் குழைக்கும் தொட்டியில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு தவழ்ந்தேன். தரையோடு காற்று இருந்தது. சார் சொன்னது சரி. பேச்சி பிள்ளையை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். நிமிராதே, என் காலைப் பார்த்துக்கொண்டே வா என்றேன். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் சூளைப் பெண்கள் பேச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளை.

அப்போதுதான் யாரோ முதுகில் எதையோ வைத்து அழுத்தினார்கள். திரும்பினால் இவர். கையில் அந்தக் காவி மேல்சட்டை.

"இதை மாட்டாம வந்துட்ட," என்றார். மூச்சு வாங்கியது.

நெருப்பு எங்களுக்கு எட்ட நின்று எரிந்துகொண்டிருந்தது. நான் சட்டையை மாட்டினேன். வீட்டுக்குப் போங்க என்று சொன்னேன். போகவில்லை. மண் குழைக்கும் தொட்டிப் பக்கம் போனார். நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சாக்குகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி, கையைப் பின்பக்கமாக நீட்டினார். நான் வாங்கி வாங்கி ஓடினேன். ஒரு தடவைகூட அவர் திரும்பவில்லை. ஒரு தடவைகூடச் சாக்குத் தவறவில்லை. புகை கண்ணுக்கு ஆகாது என்று அப்புறம் சொன்னார்.

ஊர்ச் சனமும் வந்து சேர்ந்தது. மூன்றாவது குடிசை தப்பியது. வண்டி வந்து மிச்சத்தை அணைத்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. இன்னொரு ஊரில் அழைப்பு என்று போய்விட்டது. போகும்போது ஜெபமணி சார் குடிசைகளுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் படப்பைக் காட்டி, "அம்மா, அது உங்க பொறுப்பு," என்றார்.

படப்பு மேலே கறுத்து, நனைந்து, ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

"மதினி, அது அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு. விளக்கு வைக்கிற நேரம் வருது, கோவிலுக்குப் போங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்," என்றான் காளிராஜ். எனக்காகத்தான் சொன்னான்.

கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை போனதும் சுட்டது. அதில்தான் விரல்கள் கொப்பளித்தன. பிரித்துப் பிரித்துப் போட்டோம். நடுவில் ஒரு கூடை அளவுக்குச் சிவப்பாக இருந்தது. மத்தியானத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் அப்படியே இருந்திருக்கிறது. அது ஆறி முடிவதற்குள் கோவில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

காப்பு நூல் கரிப்பிடித்திருக்கிறது. அறவில்லை.

தேங்காயெண்ணெய் போடக் கூடாது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று இவர் என் கையைச் செம்புத் தண்ணீருக்குள் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பங்குனி 7, ஞாயிறு

கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பூசாரி, தர்மகர்த்தா சங்கிலிப்பாண்டி, ஊர்ப் பெரியவர்கள். நான், காளிராஜ், மாரிக்கனி. இந்தத் தடவை மாரிக்கனி வாசலோடு நிற்கவில்லை.

சங்கிலிப்பாண்டி எண்ணிச் சொன்னார்: எல்லை தாண்டியாகிவிட்டது. பிள்ளைத் தீட்டும் பட்டாகிவிட்டது. விளக்கு நேரத்துக்கு வரவில்லை. இந்தக் கையில் எப்படிச் சட்டி கொடுப்பது?

"நூலு அறலையே மாமா," என்றான் காளிராஜ். "காப்பு நிக்குதுன்னுதான அர்த்தம்?"

"நூல்ல என்னடா இருக்கு? முறையிலல்ல இருக்கு."

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "சேவைக்குத்தான் சட்டை போட்டாச்சே, அப்புறம் சட்டி எதுக்காம்?" என்றாள். யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை. "அம்மன் வந்து பச்சை உடம்புக்காரியைப் புகைக்குள்ளயே விட்டுட்டு வான்னு சொன்னாளா மாமா? சொல்லிருந்தா சொல்லுங்க, நான் கோவிலுக்கு வாரதையே விட்டுர்றேன்."

"ஏட்டி, வாயை அடக்கு," என்றார் பூசாரி. கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு மனசு இருக்கு தாயி. ஆனா நாளைக்கு மழை பெய்யலைன்னா முறை தப்பிட்டான் பூசாரின்னு என்னையில்ல கேப்பாக. அம்மன்கிட்ட பூப் போட்டு உத்தரவு கேட்டுச் சொல்லுதேன், பொறு," என்றார். எப்போது என்று கேட்டேன். புதன்கிழமை காலையில் என்றார்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் முறைப்படி நடக்கிறவள்தான். காப்புக் கட்டியபோது என்னென்ன கூடாது என்று சொல்லித்தான் கட்டினார். கூடாது என்று உத்தரவு வந்தால் அடுத்த பங்குனியில் முதல் வருசம் என்று தொடங்கிக்கொள்ளலாம் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படுத்தேன், தூங்கிவிட்டேன்.

பங்குனி 8, திங்கள்

காலையில் அடுப்பைப் பற்ற வைக்க என் விரல் வரவில்லை. லைட்டரை இடது கையில் மாற்றிக்கொண்டு இவர் வெளியே போவதற்காகக் காத்திருந்தேன். போகவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டைப் பாக்கப் போகலையா?" என்றேன்.

"ஆடு ஏது?" என்றார்.

லைட்டரை என் கையிலிருந்து வாங்கவில்லை. ஆனால் நான் பற்ற வைக்கும்போது நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நீல நெருப்பு வட்டமாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். உலை கொதிக்கிறவரை நின்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

சாப்பிடும்போது, "சட்டிக்கு வேப்பங்கட்டை வெட்டியாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. பூக் கேக்கணும்னு சொல்லுறாக."

"நெருப்பு யாரு எடுத்து வைப்பா?"

"மாரிக்கனி வீட்டு அண்ணன்தான். சொல்லி வச்சிருக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எதுக்கு அவனைச் சொல்லிக்கிட்டு? நான் இருக்கேன்ல," என்றார்.

குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். சூடாக இருந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் அரிவாளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டார். அடுத்த பங்குனியில் இதே வார்த்தையைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் புதன்கிழமை காலை வரை பொறுக்க முடியாது என்று உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை மாரிக்கனியிடம் கொடுத்து, பூசாரி கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எழுதியது இது:

'பூசாரி அண்ணாச்சிக்கும் தர்மகர்த்தா அவர்களுக்கும் செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. காப்போடு எல்லை தாண்டியது உண்மை. பிள்ளை பெற்றவளைத் தொட்டது உண்மை. விளக்கு நேரத்துக்கு வராததும் உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. சூளையில் மறுபடி தீப்பிடித்தால் காப்பு இருந்தாலும் போவேன், அதையும் அம்மனிடம் சேர்த்தே கேட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் பூ விழுந்தாலும் கட்டுப்படுகிறேன். ஒன்றே ஒன்று. இந்த வருசம் சட்டியில் நெருப்பு எடுத்து வைக்க எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. கட்டை வெட்டப் போயிருக்கிறார். ஆகவே எடுக்கலாமா கூடாதா என்று தயவுசெய்து நாளை மதியத்துக்குள் பதில் சொல்லவும்.'